கோரையை வழித்தெடுத்தால் குருகு எங்கே போகும்?

இங்கிலாந்தின் கிழக்குக் கரையில் உள்ள மின்ஸ்மியர் சதுப்பில், வசந்த காலத்து விடியலில் ஒரு முழக்கம் எழும். வாய் குறுகிய பெரிய குடுவைக்குள் யாரோ மூச்சைக் கூட்டி ஊதினாற்போல் இருக்கும் அது. காற்று அடங்கிய நாளில் ஐந்து கிலோமீட்டர் வரை கேட்கும். முழங்கியது எது என்று தேடினால் நாணலைத் தவிர எதுவும் கண்ணில் படாது.

அது பிட்டர்ன் என்று அங்கே அழைக்கப்படும் பெருங்குருகின் குரல். ஆண் பறவை உணவுக்குழாயில் காற்றை நிரப்பிக்கொண்டு எழுப்பும் ஒலி. நாரைக் குடும்பத்தைச் சேர்ந்த இந்தப் பறவைக்குக் காய்ந்த நாணலின் நிறம். பழுப்பு உடம்பில் கருங்கோடுகள். ஆள் வரும் அரவம் கேட்டால் பெரும்பாலும் பறக்காது. கழுத்தை நீட்டி, அலகை வானை நோக்கி நிமிர்த்தி, நின்ற இடத்திலேயே நின்றுவிடும். நாணல் காற்றில் அசைந்தால் அதுவும் கூடவே அசையும். கண்கள் சற்றுக் கீழ்நோக்கி அமைந்திருப்பதால், அலகு மேலே பார்க்க, பார்வை மட்டும் வந்தவரை விட்டு விலகாது.

இவ்வளவு மறைந்து வாழ்ந்தும் அது தப்பவில்லை. விருந்து மேசைக்காக வேட்டையாடினார்கள். சதுப்புகளை வடித்து வயலாக்கினார்கள். எண்ணிக்கை குறையக் குறைய, பாடம் செய்து கண்ணாடிப் பெட்டியில் வைப்பவர்களும் முட்டை சேகரிப்பவர்களும் எஞ்சியவற்றைத் தேடிப் போனார்கள். 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் பிரிட்டனில் கூடு கட்டும் பெருங்குருகு ஒன்றுகூட இல்லை.

அது திரும்பி வந்ததற்கு முதல் சான்று தந்தவர் எம்மா டர்னர். நார்ஃபோக்கின் ஹிக்லிங் ஏரிப் பகுதியில் ஆண்டின் பல மாதங்களைப் படகு வீட்டில் கழித்து, கனமான கருவிகளுடன் நாணலுக்குள் காத்திருந்து பறவைகளைப் படம் பிடித்த பெண்மணி. தண்ணீர்க்கோழி இனத்தைச் சேர்ந்த, இதேபோல் நாணலுக்குள் ஒளியும் இன்னொரு பறவையின் பெயரைத்தான் தம் படகுக்கும் சூட்டியிருந்தார். 1911இல் அவரும் அப்பகுதிக் காவலரான ஜிம் வின்சென்ட்டும் ஒரு பெருங்குருகுக் குஞ்சைக் கண்டுபிடித்தார்கள். டர்னர் அதைப் படமெடுத்தார்.

1950களில் முழங்கும் ஆண்கள் எண்பது அளவுக்குப் பெருகின. பிறகு மறுபடி சரிவு. 1997இல் பிரிட்டன் முழுவதிலும் பதினொரு ஆண்களே! இந்த முறை வேட்டையைக் குற்றம் சொல்ல முடியாது. பறவை இருந்த இடங்களில் பல ஏற்கெனவே பாதுகாக்கப்பட்டவை. ஆனால் கூரை வேய நாணல் அறுப்பது குறைந்துபோனதால், அறுபடாத நாணல் ஆண்டுதோறும் சாய்ந்து மக்கித் தரையை உயர்த்தியது. நீர் வற்றியது, புதர் முளைத்தது, மீன் உள்ளே வர முடியவில்லை. வேலி இருந்தது, காவல் இருந்தது. குருகுக்கு வேண்டிய முழங்கால் நீர்தான் இல்லை.

ஆய்வாளர்கள் பறவைகளுக்கு ரேடியோ அலைபரப்பி பொருத்தி, அவை எங்கே இரை தேடுகின்றன என்று பின்தொடர்ந்தார்கள். நாணலும் நீரும் சந்திக்கும் விளிம்பே அவற்றின் வேட்டைக்களம் என்பது தெளிவானது. அதன்பின் மின்ஸ்மியரில் மேடிட்ட தரையைத் தோண்டித் தாழ்த்தினார்கள், வாய்க்கால் வெட்டினார்கள். லேக்கன்ஹீத்தில் கேரட் விளைந்த வயல்களை வாங்கி நீர் பாய்ச்சி நாணல் நட்டார்கள். சோமர்செட்டில் கரிமண் வெட்டி எடுத்த பள்ளங்கள் ஹாம் வால் என்ற நாணல் காடாயின. 2024இல் முழங்கும் ஆண்களின் எண்ணிக்கை 283.

காணவே முடியாத பறவையை எப்படி எண்ணினார்கள்? காதால். ஒவ்வொரு ஆணின் முழக்கத்திலும் சிறு வேறுபாடு உண்டு. ஒலியைப் பதிவுசெய்து வரைபடமாக்கினால் ஒன்றை இன்னொன்றிலிருந்து பிரித்தறியலாம். ஆணுக்குக் குஞ்சு வளர்ப்பில் பங்கில்லை. தனியாக இரை சுமந்து வரும் பெண் எந்த இடத்தில் திரும்பத் திரும்ப இறங்குகிறது என்று மணிக்கணக்கில் பார்த்திருந்து கூட்டைக் குறித்தார்கள்.

இந்தக் கதை தமிழ்நாட்டுக்கும் தேவை. மஞ்சள் குருகு, செங்குருகு, கருங்குருகு ஆகிய மூன்றும் நம் நீர்நிலைகளில் வாழ்பவை. அலகை நிமிர்த்தி அசையாமல் நிற்கும் அதே வித்தை இவற்றுக்கும் தெரியும். சங்கப் பாட்டில் குருகு என்பது நீர்ப்பறவைகளுக்கான பொதுப்பெயர். கபிலரின் குறுந்தொகைப் பாட்டில் களவு மணத்துக்கு இருந்த ஒரே சாட்சி, ஆரல் மீனுக்காகக் காத்திருந்த குருகுதான். அவ்வளவு பழைய உறவு இது.

ஆனால் நம் ஊரில் ஏரியைச் சீரமைப்பது என்றால் என்ன நடக்கிறது? பொக்லைன் இறங்குகிறது. கரையோரச் சம்பும் கோரையும் குப்பையாகக் கருதப்பட்டு வேரோடு போகின்றன. கரையைச் செங்குத்தாக்கிக் கல் பதித்து, மேலே நடைபாதை போடுகிறார்கள். தண்ணீர் நிற்கும், நீர்க்காகங்கள்கூட வரும். குருகு ஒதுங்க ஒரு முழ இடம் இருக்காது. அது போனதும் தெரியாது, ஏனென்றால் இருந்ததும் யாருக்கும் தெரியாது. கரையில் நின்று தொலைநோக்கியில் பார்த்து எண்ணும் கணக்கெடுப்பில் பூநாரையும் கூழைக்கடாவும் சிக்கும். கோரைக்குள் நிற்கும் பறவை சிக்குவது அரிது.

தூர்வார வேண்டாம் என்று யாரும் சொல்லவில்லை. தூர்ந்துபோன நாணல் காட்டில் குருகு பிழைக்காது என்பதைத்தான் இங்கிலாந்தின் 1997 காட்டியது. எந்த இடத்தில், எப்போது, எவ்வளவு என்பதே கேள்வி. முழுக் கரையையும் ஒரே பருவத்தில் வழிக்காமல், பகுதி பகுதியாக ஆண்டு மாற்றி வெட்டலாம். ஒரு பக்கக் கரையையாவது சரிவாக விட்டு, அங்கே சம்பு வளர இடம் கொடுக்கலாம். பன்னாட்டு முக்கியத்துவம் வாய்ந்த சதுப்புநிலங்களுக்கான ராம்சர் பட்டியலில் 2022இல் சேர்ந்த சென்னைப் பள்ளிக்கரணையிலிருந்தே இதைத் தொடங்கலாம். கூடு கட்டும் காலத்தில் விடியலிலும் அந்தியிலும் நின்று கேட்டு எழுத, ஒவ்வொரு பெரிய ஏரிக்கும் பயிற்சி பெற்ற இரண்டு பேர் போதும். பொக்லைனுக்கு ஒப்பந்தம் போடும் முன், அந்தக் குறிப்பேட்டைப் பொறியாளர் கையில் கொடுக்க வேண்டும்.