லாரி டிரைவருக்கு எது நல்ல லோடு? வாடகையை விட 'வெயிட்டிங்' ஏன் முக்கியம்?

எண்ணூர் விரைவுச் சாலையில் திருவொற்றியூரிலிருந்து காசிமேடு பக்கம் பைக்கில் போனவர்களுக்கு அந்தக் காட்சி பழகியிருக்கும். சாலையோரம் வரிசையாக கன்டெய்னர் டிரெய்லர்கள். வண்டியின் நிழலில் படுத்திருக்கும் டிரைவர்கள். 'ஏன் இப்படி ரோட்டை அடைச்சுக்கிட்டு நிக்கிறாங்க?' என்று நமக்கு எரிச்சல் வரும். ஆனால், அங்கே நிற்பதால் நம்மை விட அதிக நஷ்டம் அவர்களுக்குத்தான். எப்படி என்று பார்ப்போம்.

அதிக வாடகை வந்தால் நல்ல லோடுதானே?

வண்டி உரிமையாளருக்கு வேண்டுமானால் அப்படி இருக்கலாம். டிரைவரின் கணக்கு வேறு. துறைமுகத்துக்கு ஓடும் டிரெய்லர்களில், ஒரு டிரிப்புக்கு இவ்வளவு 'படி' என்று பேசிக்கொள்வது பரவலான வழக்கம். அதாவது, வருமானம் டிரிப் எண்ணிக்கையைப் பொறுத்தது.

உதாரணத்துக்கு, ஒரு டிரிப்புக்குப் படி 1,500 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். 12 மணி நேரத்தில் முடிந்தால் மணிக்கு 125 ரூபாய். அதே டிரிப் துறைமுக வாசலில் சிக்கி 36 மணி நேரம் ஆனால் மணிக்கு 42 ரூபாய்கூடத் தேறாது. சாப்பாடு, டீ, குளியல் செலவு தனி. லோடும் அதே, தூரமும் அதே. நல்ல லோடு கெட்ட லோடாக மாறியது காத்திருப்பால் மட்டுமே.

எங்கெல்லாம் காத்திருக்க வேண்டும்?

ஒரு ஏற்றுமதி கன்டெய்னரை எடுத்துக்கொள்வோம். தொழிற்சாலையிலோ சரக்குக் கிடங்கிலோ சரக்கு ஏற்றி முடியும்வரை ஒரு காத்திருப்பு. பிறகு துறைமுகத்தின் ஜீரோ கேட் முன்னால் வரிசை. கன்டெய்னர் எண், சீல் எண், வண்டி எண் எல்லாம் ஆவணத்தோடு பொருந்த வேண்டும். ஓர் எண் தவறினாலும், ஆபீஸில் இருப்பவர் அதைத் திருத்தி அனுப்பும்வரை டிரைவர் ஓரங்கட்டி நிற்க வேண்டியதுதான். உள்ளே போனால், பெட்டியை இறக்க கிரேனுக்கான வரிசை.

இறக்கிய பிறகு இறக்குமதிப் பெட்டி ஒன்று கையோடு கிடைத்தால் அது ராஜ யோகம். போகும்போதும் லோடு, வரும்போதும் லோடு. கிடைக்காவிட்டால் காலி வண்டியோடு திரும்ப வேண்டும். டீசல் செலவு மட்டும் மிஞ்சும்.

சாலையும் ஒரு காரணம். கனரக வாகனங்களுக்கு நகருக்குள் பகலில் கட்டுப்பாடு இருப்பதால் ஓட்டம் இரவில் குவிகிறது. இதற்குத் தீர்வாகச் சொல்லப்பட்ட மதுரவாயல் - துறைமுகம் பறக்கும் சாலைக்கு 2009-ல் அடிக்கல் நாட்டப்பட்டது. 2012-ல் பணி நின்றது. ஈரடுக்குச் சாலையாகத் திட்டம் மாற்றப்பட்டு, 2022 மே மாதம் மறுபடியும் அடிக்கல் நாட்டப்பட்டது.

சரக்கைப் பொறுத்தும் மாறுமா?

நிச்சயமாக. நிலக்கரி லோடு என்றால் தூசு, தார்ப்பாய் கட்டும் வேலை, ஓவர்லோடு பயம் எல்லாம் சேர்ந்தே வரும். ராயபுரம் பகுதி மக்களைப் பாதித்த தூசுப் பிரச்சினையால், சென்னைத் துறைமுகத்தில் நிலக்கரியைக் கையாள 2011-ல் உயர் நீதிமன்றம் தடை விதித்தது. அந்த வேலை எண்ணூர் காமராஜர் துறைமுகத்துக்குப் போனது. தூசும் கூடவே போனது. மணலி, தண்டையார்பேட்டை பக்கம் ஓடும் பெட்ரோலிய டேங்கர்களுக்கு அபாயகரமான பொருட்களை ஏற்றிச் செல்வதற்கான தனிப் பயிற்சியும், லைசென்ஸில் அதற்கான பதிவும் வேண்டும்.

ஓவர்லோடு ஏற்றினால் யாருக்கு வில்லங்கம்?

2018-ல் மத்திய அரசு எடை வரம்பைக் கூட்டியது. பெரிய டிரெய்லருக்கு 49 டன்னாக இருந்த மொத்த எடை 55 டன் ஆனது. அதற்கு மேல் போனால் அபராதம் 20,000 ரூபாய். கூடுதலாக உள்ள ஒவ்வொரு டன்னுக்கும் 2,000 ரூபாய். 3 டன் அதிகம் என்றால் 26,000 ரூபாய். அதிக சரக்கை இறக்கிய பிறகுதான் வண்டி நகர முடியும். ஓட்டியவர் மட்டுமல்ல, ஓட்ட வைத்தவரும் பொறுப்பு என்கிறது சட்டம். ஆனால் சோதனையின்போது ரோட்டில் நிற்பது டிரைவர்தான்.

ஏற்றுமதிப் பெட்டியின் எடையைச் சரிபார்த்து அறிவிக்காமல் கப்பலில் ஏற்றக் கூடாது என்ற சர்வதேச விதி 2016 ஜூலை முதல் இருக்கிறது. அந்த எடைச் சீட்டு சரியாக இருப்பது டிரைவருக்கும் ஒரு பாதுகாப்பு.

காத்திருப்புக்கு யார் காசு தர வேண்டும்?

இங்குதான் முக்கியமான முரண் இருக்கிறது. கன்டெய்னரைக் குறித்த நாட்களுக்குள் திருப்பித் தராவிட்டால், கப்பல் நிறுவனம் நாள் கணக்கில் கட்டணம் வசூலிக்கும். இரும்புப் பெட்டிக்கு மீட்டர் ஓடுகிறது. அதைச் சுமந்து நிற்கும் மனிதருக்குப் பெரும்பாலும் ஓடுவதில்லை. 'ஹால்டிங்' பணம் என்று ஒன்று உண்டு. ஆனால் முன்கூட்டியே எழுதி வாங்காவிட்டால் அது பேரம்தான்.

இது வெறும் கூலிப் பிரச்சினையும் இல்லை. அமெரிக்கப் போக்குவரத்துத் துறையின் தணிக்கைப் பிரிவு 2018-ல் ஓர் ஆய்வறிக்கை வெளியிட்டது. சரக்கு ஏற்றி இறக்கும் இடத்தில் லாரிகள் நிற்கும் சராசரி நேரம் 15 நிமிடம் கூடினால், விபத்து விகிதம் 6.2 சதவீதம் உயரும் என்று அது மதிப்பிட்டது. காரணம் புரியக்கூடியதே. நின்ற நேரத்தை ஓட்டிப் பிடிக்கப் பார்ப்பார்கள். அதுவும் தூக்கம் இல்லாமல்.

என்ன செய்யலாம்?

2025 அக்டோபர் முதல் தயாராகும் லாரிகளில் டிரைவர் கேபினுக்கு ஏசி கட்டாயம். நல்ல விஷயம். ஆனால் ஏசி கேபினில் உட்கார்ந்திருந்தாலும் 20 மணி நேரம் என்பது 20 மணி நேரம்தான். ஒவ்வொரு வண்டிக்கும் நேரம் ஒதுக்கி வரச் சொல்வது, கழிப்பறையோடு நிறுத்துமிடம் அமைப்பது, குறிப்பிட்ட மணி நேரத்துக்கு மேல் நின்றால் காத்திருப்புக் கட்டணம் உண்டு, அதில் டிரைவருக்கும் பங்கு உண்டு என்று ஒப்பந்தத்திலேயே எழுதுவது. இந்த மூன்றும் நடந்தால் பல கெட்ட லோடுகள் நல்ல லோடாக மாறும்.

மூன்றாவதுதான் மிக முக்கியம். காத்திருப்புக்குக் காசு கொடுக்க வேண்டும் என்ற நிலை வந்தால், ஆவணத்தை முன்பே சரிபார்க்கும் அக்கறை எல்லோருக்கும் தானாக வந்துவிடும். இன்று அந்தச் செலவு டிரைவரின் தூக்கத்திலிருந்து போவதால், யாருக்கும் அவசரம் இல்லை.