சக்குராவின் கதை நமக்குச் சொல்வது



கார்ட்டூன் படங்கள் பிள்ளைகளின் படிப்பைக் கெடுக்கின்றன என்பது பெற்றோர் பலரின் குறை. அளவுக்கு மிஞ்சினால் அஃது உண்மையே. ஆயினும், எல்லாப் படங்களையும் ஒரே தராசில் வைத்து நிறுத்தல் முறையன்று. நல்லதைத் தெரிந்தெடுத்துக் காட்டுவது நம் கடமை. அதற்கு எடுத்துக்காட்டாக ஜப்பானியத் தொடர் ஒன்றைப் பற்றி எழுத விழைகின்றேன்.

‘கார்ட்கேப்டர் சக்குரா’ என்பது அதன் பெயர். கிளாம்ப் என்னும் பெண் ஓவியர் குழுவின் படைப்பு அது. 1996ஆம் ஆண்டில் சிறுமியர் இதழொன்றில் சித்திரக் கதையாக வரத் தொடங்கி, 1998 முதல் 2000 வரை ஜப்பானின் என்.எச்.கே. தொலைக்காட்சியில் 70 பகுதிகளாக ஒளியேறியது. சக்குரா பத்து வயதுச் சிறுமி. நான்காம் ஆண்டு மாணவி. தந்தையின் நூலகத்தில் பழைய நூல் ஒன்றைத் திறக்கின்றாள். அதிலிருந்த மந்திரச் சீட்டுகள் காற்றில் பறந்து சிதறுகின்றன. அவற்றைத் தேடிச் சேர்க்கும் பொறுப்பு அவளைச் சேர்கின்றது. பேய் என்றால் நடுங்கும் பெண்தான். ஆனாலும் எடுத்த பணியை விட்டாளில்லை.

என் உள்ளத்தைக் கவர்ந்தது மந்திரம் அன்று, அவளது வீடு. தாயை இழந்த குடும்பம் அது. பேராசிரியரான தந்தை, உயர்நிலைப் பள்ளியில் பயிலும் தமையன், சக்குரா ஆகிய மூவரும் சமையல் முதலிய வேலைகளை முறை வைத்துச் செய்கின்றனர். நம் வீடுகளிலோ? விடியுமுன் எழுந்து வேலைக்காட்டுக்குச் சென்று திரும்பும் தாயே மீண்டும் அடுப்பை மூட்டுகின்றாள். இல்லையேல் மூத்த மகள் புத்தகத்தை மூடிவிட்டு எழுகின்றாள். மகனோ பந்தாடத் திடலுக்குப் போய்விடுகின்றான்.

நிற்க. இத்தொடரைக் கனடாவின் நெல்வானா நிறுவனம் ஆங்கிலமாக்கி, 2000ஆம் ஆண்டில் ‘கார்ட்கேப்டர்ஸ்’ என வெளியிட்டது. சக்குரா கினோமோட்டோ, சக்குரா ஆவலன் ஆனாள். தோழி தோமோயோ, மேடிசன் ஆனாள். இசையும் மாறியது. அமெரிக்கத் தொலைக்காட்சியில் 39 பகுதிகளே காட்டப்பட்டன. அதுவும் எட்டாம் பகுதியிலிருந்து தொடங்கினர். ஏன்? லீ என்னும் சிறுவன் அதில்தான் முதலில் வருகின்றான்! பையன்களை ஈர்க்க வேண்டுமெனில் பையனை முன்னிறுத்த வேண்டும் என்பது வணிகர் கணக்கு. இதனால், சக்குரா நூலைத் திறந்த தொடக்கத்தைக் காணாமலே பிள்ளைகள் கதைக்குள் நுழைந்தனர்.

அயல்நாட்டுப் பெயர்கள் பிள்ளைகளுக்கு விளங்கா என்பர் சிலர். நம் நாட்டில் மலாய், சீன, தமிழ்ப் பிள்ளைகள் ஒருவர் பெயரை மற்றவர் சொல்லிப் பழகவில்லையா? மொழிபெயர்ப்பு வேண்டியதே, மொழி புரியாமல் கதை ஏது? ஆனால் மொழியை மாற்றுவது வேறு, கதைக்கு உரியவளைப் பின்னுக்குத் தள்ளுவது வேறு. ஒரு பெண் பிள்ளையின் துணிவைக் கண்டு பையன்களும் கற்றுக்கொள்வர் என்னும் நம்பிக்கை அங்கே இல்லாமற் போயிற்று.

பெற்றோர்களே, அந்நம்பிக்கை நம்மிடம் உண்டா? மகளின் படிப்பை எட்டாம் இடத்தில் வைத்துவிட்டு, மகனிலிருந்து கதையைத் தொடங்குவது நம் வீட்டிலும் நடக்கின்றதன்றோ? இன்றே வீட்டு வேலைகளுக்கு ஓர் அட்டவணை எழுதிச் சுவரில் ஒட்டுங்கள். அதில் அப்பாவின் பெயரும் தம்பியின் பெயரும் இருக்கட்டும். மாலையில் ஒரு மணி நேரமேனும் நம் பெண் செல்வங்களின் கையில் புத்தகம் தவழட்டும்!