அமைதி காக்கப் போன படை போரில் சிக்கியது ஏன்? 1987 சொல்லும் பாடம்

1987 ஜூலை 29-ல் ராஜீவ் காந்தியும் ஜெயவர்த்தனாவும் கொழும்பில் ஒப்பந்தம் போட்டார்கள். யாழ்ப்பாணத்தில் இறங்கிய இந்திய அமைதிப்படையைத் தமிழர்கள் மாலை போட்டு வரவேற்றார்கள். அக்டோபரில் அதே படை புலிகளோடு மோதியது.

எங்கே தப்பு?

கையெழுத்துப் போட்டது 2 அரசுகள்தான். ஆயுதத்தை ஒப்படைக்க வேண்டிய புலிகள் அதில் ஒரு தரப்பே இல்லை. அவர்களுக்கு முன்பு பயிற்சி கொடுத்ததும் இந்தியாதான்! மக்களோடு கலந்திருக்கும் கெரில்லாக்களை ஒடுக்குவது எவ்வளவு கஷ்டம்னு வியட்நாம் ஏற்கெனவே காட்டியிருந்தது. ஆப்கானிஸ்தானில் சோவியத் படை அப்போதும் திணறிக்கொண்டிருந்தது.

விலை கொடுத்தது யார்?

அக்டோபர் 21, தீபாவளி நாளில் யாழ்ப்பாணம் மருத்துவமனைக்குள் படை புகுந்தது. டாக்டர்கள், நர்ஸ்கள், நோயாளிகள் கொல்லப்பட்டார்கள். இந்திய வீரர்கள் 1,000-க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தார்கள். 1990 மார்ச்சில் சென்னை திரும்பியவர்களை வரவேற்க முதல்வர் கருணாநிதி போகவில்லை.

யாரோடு சண்டை, எப்போது திரும்புவது? படை கிளம்பும் முன்பே இதற்குப் பதில் இருக்கணும். 2003-ல் ஈராக்கில் அமெரிக்காவிடமும் அது இல்லை.