ஆளுக்குக் கொஞ்சம் போட்டா ஜீப் வருமா?

எல்லா காலேஜ்லயும் இப்படி ஒரு செட் இருக்கும். அஞ்சு பேர். ஒருத்தன் பார்ட் டைம் வேலை பார்க்கிறான், ஒருத்தனுக்கு துபாய்ல அண்ணன், ஒருத்தன் பைக்கை விற்கத் தயார், மிச்ச ரெண்டு பேருக்கு ஐடியாதான் முதலீடு! ஆளுக்குக் கொஞ்சம் போட்டு செகண்ட் ஹேண்ட்ல ஒரு எஸ்.யூ.வி. வாங்கணும். சனிக்கிழமை சாயங்காலம் திண்டுக்கல்லை விட்டுக் கிளம்பி, மலைப் பக்கம் எங்கேயாவது டென்ட் அடிச்சுத் தங்கி, ஞாயித்துக்கிழமை ராத்திரி பிரியாணியோட ஊர் திரும்பணும். பிளான் என்னவோ சூப்பர்தான். ஆனா பேச்சு ஆரம்பிச்ச ரெண்டாவது நிமிஷமே ஒரு குரல் வரும். "மச்சி, எடுத்தா தார்தான்டா. ஃபோர் வீல் டிரைவ்!"

கொஞ்சம் பொறுங்க பாஸ். நீங்க போகப்போற ரோட்டுல முக்கால்வாசி ஏற்கெனவே தார்தான்!

விளையாட்டில்லை. வண்டியைப் பார்க்கிறதுக்கு முன்னாடி ரோட்டைப் பாருங்க. டவுன்ல இருந்து சுமார் 25 கிலோமீட்டர்ல சிறுமலை. 18 கொண்டை ஊசி வளைவு, அத்தனையும் தார். வத்தலக்குண்டு வழியா கொடைக்கானல் ஏறினாலும், பழநி வழியா ஏறினாலும் தார். தாண்டிக்குடி, ஆடலூர் பக்கம் ரோடு ஒடுக்கம், அவ்வளவுதான். அப்போ மண் எங்கே வரும்? மெயின் ரோட்டுல இருந்து தோட்டத்துக்குப் பிரியற கடைசி ஒண்ணு ரெண்டு கிலோமீட்டர். குளத்துக் கரை. குறுக்கே வர்ற ஓடை மணல். டிராக்டர் போய்ப்போய் ரெண்டு பக்கமும் பள்ளமாகி, நடுவுல மட்டும் மேடு விழுந்த செம்மண் பாதை. அந்த நடு மேடுதான் உங்க வில்லன். டயர் பள்ளத்துல இறங்கும்போது வண்டியோட அடிவயிறு மேட்டுல உட்காரும். அதைத் தாண்ட வேண்டியது கிரவுண்ட் கிளியரன்ஸ். ஃபோர் வீல் டிரைவ் இல்லை.

சரி, இந்த ஃபோர் வீல் டிரைவ்தான் என்ன? சாதாரண வண்டியில இன்ஜின் சக்தி ரெண்டு சக்கரத்துக்குப் போகுது. இதுல நாலுக்கும் போகுது. கூடவே 'லோ ரேஞ்ச்'னு ஒரு தனி கியர் விகிதம். வண்டி ஆமை மாதிரி நகரும், ஆனா யானை மாதிரி இழுக்கும். இதுல யாரும் சொல்லாத ஒரு மேட்டர் இருக்கு. ஒரே அச்சுல இருக்கிற ரெண்டு சக்கரத்துக்கும் சக்தியைப் பிரிச்சுக் கொடுக்கிற டிஃபரன்ஷியல் கொஞ்சம் சோம்பேறி. எந்தச் சக்கரம் லேசா சுத்துதோ அதைத்தான் சுத்த விடும். ஒரு சக்கரம் சேத்துல வழுக்கினா, அது பாட்டுக்குச் சுத்தும், தரையில இருக்கிற இன்னொண்ணு சும்மா நிக்கும். 'லாக்கிங் டிஃபரன்ஷியல்' இல்லாத ஃபோர் வீல் டிரைவ் வண்டிகூட, முன்னால ஒண்ணு பின்னால ஒண்ணு வழுக்கினா அம்போ! ஐப்பசி, கார்த்திகை மழையில கரிசல் திட்டு எதுக்குள்ளயாவது நுழைஞ்சு பாருங்க. மண் டயர்ல அப்பி, பட்டன் எல்லாம் மூடி, டயர் வழுவழுன்னு ஆயிடும். அந்த நேரத்துல உங்களைக் காப்பாத்துறது நல்ல டயர். இல்லைன்னா பக்கத்துத் தோட்டத்து டிராக்டர்.

அதனால என் கட்சி இது: ஃபோர் வீல் டிரைவுக்குன்னு கூடுதலா கொடுக்கிற பணத்தை டயர்லயும் பிரேக்லயும் போடுங்க.

இப்போ வண்டிகள். பொலேரோ 2000ல வந்தது, ஸ்கார்ப்பியோ 2002ல. ரெண்டுக்கும் கிளியரன்ஸ் சுமார் 180 மி.மீ. ரெண்டுமே லாரி மாதிரி தனி சேஸிஸ் மேல பாடி உட்கார்ந்த வண்டிகள். பின் சக்கரம் தள்ளுறதால ஏத்தத்துல பாரம் பின்னால சாயும்போது பிடிமானம் கூடும். ரெனோ டஸ்டர் வேற ஜாதி. இங்கே 2012ல இருந்து 2022 வரைக்கும் வித்த அந்தப் பழைய டஸ்டருக்கு 205 மி.மீ. கிளியரன்ஸ், 475 லிட்டர் டிக்கி, நீளமான பயணத்துல உடம்பு வலிக்காத சஸ்பென்ஷன். முன் சக்கரம் இழுக்கிற வண்டி. நாலு சக்கரமும் இழுக்கிற மாடல் 2014ல வந்தது. அது கிடைச்சா அதிர்ஷ்டம். ஆனா டீசல் டஸ்டர்ல டைமிங் பெல்ட் எப்போ மாத்தினாங்கன்னு பில்லோட கேளுங்க. அது ஓடும்போது அறுந்தா இன்ஜினுக்கே பால் ஊத்த வேண்டியதுதான். டாடா சஃபாரி ஸ்டார்ம் ராஜா மாதிரி இருக்கும். ராஜாவுக்கு ஆகிற செலவும் ஆகும்.

தார்? 2020ல வந்த புது தலைமுறையில பெரும்பாலும் நாலு சீட். உங்க செட்ல அஞ்சு பேர். அஞ்சாவது ஆளை கேரியர்ல கட்டுவீங்களா? 2010ல வந்த பழசுல பின்னால எதிரெதிர் பெஞ்ச். அதுல கொண்டை ஊசி வளைவுல உட்கார்ந்து வந்தவனைக் கேட்டா வாந்தி வாந்தியா கதை சொல்வான்.

என் ஓட்டு பொலேரோவுக்கு. காரணம் அழகு இல்லை, ஒட்டன்சத்திரம் மார்க்கெட். காய்கறி ஏத்தி இறக்குற பொலேரோ பிக்கப்புகள் அந்தச் சுற்று வட்டாரம் பூரா ஓடுது. ராத்திரி பத்து மணிக்கு நத்தம் ரோட்டுல நின்னாலும், செம்பட்டியில நின்னாலும், இந்த வண்டியைக் கழட்டி மாட்டத் தெரிஞ்ச மெக்கானிக்கும் அவர்கிட்ட ஸ்பேர் பார்ட்டும் கிடைக்க வாய்ப்பு அதிகம். கேம்பிங் போறவனுக்கு இதைவிடப் பெரிய ஃபீச்சர் எந்த கேட்லாக்லயும் இல்லை.

வண்டி பார்க்கப் போறது காலையில. விற்கிறவர்கிட்ட "நாங்க வர்ற வரைக்கும் ஸ்டார்ட் பண்ணாதீங்கண்ணே"ன்னு முன்கூட்டியே சொல்லிடுங்க. போனதும் பானெட்ல கையை வைங்க. சூடா இருந்தா உஷார், ஸ்டார்ட்டிங் டிரபிளை மறைச்சிருக்கலாம். ஸ்டார்ட் பண்ணி, ஆயில் ஊத்துற மூடியைத் திறந்து பாருங்க. லேசா புகை வந்தா பரவாயில்லை. இட்லிச் சட்டியைத் திறந்த மாதிரி குபுகுபுன்னு வந்தா இன்ஜின் வேலை காத்திருக்கு. சைலன்ஸர்ல நீலப் புகைன்னா ஆயில் எரியுது. கறுப்புன்னா டீசல் சரியா எரியலை. இன்ஜின் சூடான பிறகும் வெள்ளையா வந்துக்கிட்டே இருந்தா கூலன்ட் உள்ளே போகுதான்னு சந்தேகப்படணும்.

அப்புறம் பழைய பனியன் ஒண்ணை விரிச்சுப் போட்டு வண்டிக்கு அடியில படுங்க. வெட்கப்படாதீங்க, லட்சக்கணக்குல பணம். சேஸிஸ்ல புது வெல்டிங் இருக்கா? ஒரு இடத்துல மட்டும் புது பெயின்ட் மின்னுதா? பின் அச்சு டிஃபரன்ஷியல் ஆயிலை மெக்கானிக்கை விட்டுக் கொஞ்சம் எடுத்துப் பார்க்கச் சொல்லுங்க. பால் காபி கலர்ல இருந்தா தண்ணி புகுந்திருக்கு. 2015 சென்னை வெள்ளம், 2018 கேரள வெள்ளம், 2023 டிசம்பர் வெள்ளம்னு முங்கின வண்டிகள் கழுவித் துடைச்சு எங்கெங்கேயோ விலைக்கு வரும். சீட் பெல்ட்டைக் கடைசி வரைக்கும் இழுத்துப் பாருங்க. வெள்ளத்துல நின்ன வண்டின்னா, யாரும் கழுவாத அந்தக் கடைசி அரை அடியில சேத்துக் கோடு தெரியும்.

டயர் பக்கவாட்டுல நாலு இலக்கம் இருக்கும். 2319னா 2019ஆம் வருஷம் 23வது வாரம் தயாரானதுன்னு அர்த்தம். பட்டன் எவ்வளவு இருந்தாலும் ஆறு வயசு தாண்டின ரப்பரை நம்பி மலை ஏறாதீங்க. பேரம் முடியறதுக்கு முன்னாடி சிறுமலையில நாலு வளைவாவது ஏத்தி இறக்கிப் பாருங்க. ஏறும்போது டெம்பரேச்சர் முள், இறங்கும்போது பிரேக். ஏறின கியர்லயே இறங்கணும்ங்கிறது நம்ம லாரி டிரைவர்களோட பழைய பாடம். பிரேக்கையே மிதிச்சுக்கிட்டு வந்தா அது சூடாகி, கடைசி வளைவுல கால் வெறும் காத்தை மிதிக்கும்.

ரெண்டு சாவியும் இருக்கான்னு கேளுங்க. பூட்டுக்குப் பேர்போன ஊர்ல இருந்துக்கிட்டு இதையும் நான் சொல்லணுமா?

இனிமேதான் பார்ட்டி டல்லாகும். ஆனா இதுதான் மேட்டரே.

அஞ்சு பேர் காசு போட்டாலும் ஆர்.சி.யில ஏறப்போறது ஒரு பேர். அந்த ஒருத்தன் யாரு? வாங்கின 30 நாளுக்குள்ள பெயர் மாத்த விண்ணப்பிக்கணும். படிவம் 29, 30. லோன் இருந்த வண்டின்னா படிவம் 35ம் பேங்க் என்.ஓ.சி.யும். "அப்புறம் மாத்திக்கலாம்டா"ன்னு இழுத்தா, வித்தவருக்கும் தலைவலி. 2018 பிப்ரவரியில உச்ச நீதிமன்றம் ஒரு வழக்குல தெளிவா சொல்லிடுச்சு: வண்டி எத்தனை கை மாறியிருந்தாலும், விபத்து நஷ்டஈட்டுக்கு ஆர்.சி.யில பேர் இருக்கிறவர்தான் உரிமையாளர். அந்தப் பேரு உங்க செட்ல ஒருத்தனோடதா இருந்தா, ராத்திரி ரெண்டு மணிக்கு லைசென்ஸ் இல்லாதவன் ஸ்டீயரிங் பிடிச்சு யாரையாவது இடிச்சாலும், கேஸ் இவன் வீட்டுக் கதவையும் தட்டும். அவன் அப்பாவுக்கு இந்த வண்டி விஷயம் தெரியுமா?

இன்ஷூரன்ஸ் இன்னும் முக்கியம். பழைய வண்டிகள்ல பலரும் தேர்ட் பார்ட்டி மட்டும் போட்டு வெச்சிருப்பாங்க. சட்டத்துக்கு அது போதும், போலீஸ் பிடிக்க மாட்டாங்க. ஆனா அது ரோட்டுல போற அடுத்தவருக்கான காப்பீடு. வண்டிக்குள்ள உட்கார்ந்திருக்கிற உங்க நாலு ஃப்ரெண்டுக்கு வெறும் தேர்ட் பார்ட்டி பாலிசியில இடம் கிடையாது. 'பேக்கேஜ்'னும் 'காம்ப்ரிஹென்ஸிவ்'னும் சொல்ற முழு பாலிசியிலதான் உள்ளே இருக்கிறவங்களும் வருவாங்க. உச்ச நீதிமன்றம் 2012லயே இந்த வித்தியாசத்தைப் பிரிச்சுக் காட்டியிருக்கு. ஜீப் நிறைய நண்பர்களை ஏத்திக்கிட்டு மலைக்குப் போறதுக்காகவே வாங்குற வண்டியில இதை விட்டுட்டு, மியூசிக் சிஸ்டத்துக்குக் காசு போடாதீங்க. ஒரு முழு பாலிசிக்குத் தேவையான பணம் இல்லைன்னா, வண்டிக்கான பணமே இன்னும் சேரலைன்னு அர்த்தம்.

ஆன்லைன்ல சல்லிசா டெல்லி வண்டி பார்த்தீங்களா? பத்து வருஷம் தாண்டின டீசல் வண்டிக்கு அங்கே தடைன்னு தேசிய பசுமைத் தீர்ப்பாயம் 2015ல உத்தரவு போட்டதுல இருந்து, அந்த வண்டிகள் தெற்கே வர ஆரம்பிச்சது. அங்கேயிருந்து என்.ஓ.சி. வாங்கி, இங்கே வரி கட்டி, டி.என். நம்பர் வாங்கி முடிக்கும்போது சல்லிசு போயிடும். வாங்கினதும் முன்னால இரும்பு பம்பர் மாட்டலாம்னு கனவு வேண்டாம். அதை மத்திய அரசு 2017 டிசம்பர்லயே தடை பண்ணியாச்சு.

எங்கே டென்ட் அடிக்கிறது? காப்புக்காடு உங்க காடு இல்லை. அனுமதி இல்லாம உள்ளே போனாலே குற்றம். 2018 மார்ச்ல தேனி மாவட்டம் குரங்கணியில காட்டுத்தீயில மலையேறப் போன இருபதுக்கும் மேற்பட்டவங்க இறந்துபோனாங்க. பலரும் உங்க வயசை ஒட்டினவங்க. அதுக்கு அப்புறம் மலையேற்றத்துக்கே தனி விதிகள் வந்தது. பட்டா தோட்டம், உரிமையாளர் அனுமதி, அடுப்பை அணைக்கப் பக்கத்துலயே தண்ணி. இதுதான் கணக்கு. கொடைக்கானல்னா இ-பாஸ். அது 2024 மே 7ல ஆரம்பிச்சது. காட்டுமாடு வந்தா செல்ஃபி எடுக்காதீங்க, அது போஸ் கொடுக்காது. மழை வந்து வண்டிக்குள்ளயே தூங்குற நிலைமை வந்தா, கண்ணாடியை ஏத்திட்டு ஏ.சி.க்காக இன்ஜினை ஓடவிட்டுத் தூங்காதீங்க. கார்பன் மோனாக்ஸைடுக்கு வாசனை கிடையாது.

இன்னொண்ணு. சிறுமலையில தோட்டத்து விளைச்சலைச் சுமந்துக்கிட்டு, ஜீப் போகாத ஒத்தையடிப் பாதையில குதிரைகள் நடக்கும். டயரும் இல்லை, டிஃபரன்ஷியலும் இல்லை. எதிரே வந்தா வண்டியை ஓரம் கட்டி, ஹாரன் அடிக்காம வழி விடுங்க. அதான் ஊர் மரியாதை.

முதல் ட்ரிப் கிளம்புறதுக்கு முந்தின நாள் சாயங்காலம், வீட்டு வாசல்லயே ஒரு டயரைக் கழட்டி ஸ்டெப்னியை மாட்டிப் பாருங்க. அஞ்சு பேரும், ஆளுக்கு ஒரு தடவை. ஜாக்கி எங்கே இருக்கு, ஸ்பேனர் நட்டுக்குச் சேருதான்னு அப்பவே தெரிஞ்சிடும்.

அடுத்த வாரம்: டென்ட் வாங்கலாமா, வாடகைக்கு எடுக்கலாமா?