மரத்தின் உச்சி தரை ஆகுமா?

கடல் மட்டம் உயர்ந்து வருகிறது. கடலோர மக்கள் கேட்பது ஒரே கேள்விதான்: "எங்கள் வீட்டுக்குள் தண்ணீர் வருமா?"

பதில் சொல்ல, கடல் எவ்வளவு உயரும் என்று தெரிந்தால் மட்டும் போதாது. வீடு நிற்கும் தரையின் உயரமும் தெரிய வேண்டும். அந்த உயரத்தைக் கம்ப்யூட்டரில் கொடுத்துத்தான் விஞ்ஞானிகள் வெள்ளக் கணக்குப் போடுகிறார்கள்.

2000-ம் ஆண்டு பிப்ரவரியில் அமெரிக்காவின் "எண்டெவர்" விண்வெளி ஓடம் 11 நாட்கள் பூமியைச் சுற்றி, ரேடார் மூலம் நிலத்தின் உயரத்தை அளந்தது. அரிய சாதனை! அந்தப் படம் உலகத்துக்கே இலவசமாகக் கிடைத்தது.

ஆனால் ஒரு கோளாறு. அடர்ந்த தோப்பில் ரேடார் கதிர் தரைவரை இறங்குவது இல்லை. மரத்தின் தலையிலும், வீட்டுக் கூரையிலும் பட்டுத் திரும்பிவிடும். கூரையின் உயரம் தரையின் உயரமாகப் பதிவாகிவிடும்! மலை நாட்டில் இதனால் பெரிய நஷ்டம் இல்லை. கடலோரத்திலோ 2 மீட்டர் என்பது உயிர்ப் பிரச்சினை.

வியட்நாமில் மீகாங் நதி கடலில் கலக்கும் சமவெளியைப் பாருங்கள். எங்கும் நெல் வயல். ஏறத்தாழ 1¾ கோடி மக்கள் அங்கே வாழ்கிறார்கள். அந்த நிலம் கடலுக்கு மேல் சராசரியாக 2.6 மீட்டர், அதாவது 8½ அடி உயரத்தில் இருப்பதாக நம்பினார்கள்.

தரையில் நின்று அளந்த கணக்கை வைத்து நெதர்லாந்து ஆராய்ச்சியாளர்கள் சரிபார்த்தார்கள். 2019-ல் முடிவு வெளிவந்தது. உயரம் 0.8 மீட்டர்தான். மூன்று அடிகூட இல்லை! மீதி எல்லாம் காகிதத்தில் மட்டும் இருந்த நிலம். (மரமும் கூரையும் மட்டும் காரணம் அல்ல. "கடல் மட்டம்" என்று வைத்துக்கொண்ட கோடே அந்த ஊர்க் கடலின் உண்மையான மட்டம் அல்ல.)

விண்வெளிப் படத்தைக் குறை சொல்வது நியாயம் ஆகாது. தரையில் இறங்கி அளக்காமல், அதை மட்டும் நம்பிக் கரையின் உயரத்தை முடிவு செய்வதுதான் தவறு.

நெதர்லாந்தில் நாட்டின் கால் பகுதி கடல் மட்டத்துக்குக் கீழே இருக்கிறது. விமானத்தில் இருந்து லேசர் ஒளியைப் பாய்ச்சி நாடு முழுவதையும் அளந்திருக்கிறார்கள். இலைகளின் இடுக்கில் புகுந்து தரையைத் தொடும் ஒளியைத் தனியே பிரித்துக் கணக்கு எடுக்கிறார்கள். அதை யாரும் இலவசமாகப் பார்க்கலாம்.

இதற்குப் பணம் வேண்டும்தான். ஏழை நாடுகளில் கடல் சுவர் கட்டக் கடன் கொடுக்கும் பணக்கார நாடுகளும் பாங்கிகளும், முதலில் தரையை அளக்கப் பணம் கொடுக்க வேண்டும். அளந்த கணக்கைப் பூட்டி வைக்காமல் அந்த ஊர் மக்களுக்கும் காட்ட வேண்டும்.