வெட்டிய கையும் வாங்காத மனுவும்

சினிமாவில் பிணம் விழுந்தால் நம் ஜனங்கள் இரண்டு கேள்விதான் கேட்கிறார்கள். கொன்றவன் யார்? ஏன் கொன்றான்? இரண்டுக்கும் விடை கிடைத்தவுடன் வேட்டியைத் தட்டிக் கொண்டு எழுந்து போய் விடுகிறார்கள். செத்தவள் யார், அவளைக் காணோம் என்று முதன்முதலில் சொல்லப் போன தாய் தகப்பனுக்கு என்ன மரியாதை கிடைத்தது என்று கேட்கிற படம் அபூர்வம். அப்படிக் கேட்ட படம் ஒன்று 2011 பிப்ரவரியில் வந்தது. தமிழ்நாடு அதைப் பார்த்தது, சுமாராகக் கை தட்டியது, மறந்தும் விட்டது. மிஷ்கின் எழுதி இயக்கிய ‘யுத்தம் செய்’ படத்தைத்தான் சொல்கிறோம்.

டீக்கடையிலும் கம்பெனி வேனிலும் தொடர் கொலைப் படம் என்று பேச்சு எழுந்தால் 2018ல் வந்த ‘ராட்சசன்’ பெயர்தான் முதலில் வருகிறது. அது விறுவிறுப்பான படம், மறுக்கவில்லை. ஆனால் அந்த வரிசையில் உரிய மதிப்புக் கிடைக்காத படம் எது என்று நம்மைக் கேட்டால், ‘யுத்தம் செய்’ என்றே சொல்லுவோம்.

கதை இதுதான். நகரத்தில் ஜனங்கள் கூடும் இடங்களில் அட்டைப் பெட்டிகள் கிடக்கின்றன. திறந்தால் வெட்டப்பட்ட மனிதக் கைகள். விசாரிக்க வருகிற சி.பி.சி.ஐ.டி. அதிகாரியாக சேரன் நடித்திருக்கிறார். அந்த அதிகாரியின் தங்கையும் காணாமல் போனவள்; போலீஸ் இலாகாவிலேயே இருக்கிற அண்ணனால் அவளைக் கண்டுபிடிக்க முடியவில்லை. இன்னும் படம் பார்க்காதவர்கள் பொறுத்துக் கொள்ள வேண்டும், முடிச்சை அவிழ்க்காமல் மேலே பேச முடியாது. கையை வெட்டுகிறவன் பைத்தியக்காரன் அல்லன். தகப்பன், தாய், மகன் என்று ஒரு மரியாதையான குடும்பமே வெட்டுகிறது. அவர்கள் வீட்டுப் பெண்ணைப் பணம் படைத்த ஒரு கும்பல் தூக்கிச் சென்று சீரழித்தது. குடும்பம் ஸ்டேஷனுக்குப் போயிற்று. ஸ்டேஷன் கும்பலின் பக்கம் நின்று, புகார் சொல்ல வந்தவர்களை அவமானப்படுத்தி அனுப்பியது. கத்தி அதற்குப் பிறகுதான் வருகிறது. ஒய்.ஜி. மகேந்திரனும், இந்த வேஷத்துக்காகத் தலையை மழித்துக் கொண்ட லட்சுமி ராமகிருஷ்ணனும் பெற்றோராக நடித்திருப்பதைப் பார்த்தால், நடித்திருக்கிறார்கள் என்று சொல்லவே தோன்றாது.

சென்ற மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை இரவு சேவூரில் முப்பது பேருக்கு மேல் ஒன்று கூடி இந்தப் படத்தைப் பார்த்தார்கள். பனியன் கம்பெனித் தொழிலாளிகள், விசைத்தறி ஓட்டுகிறவர்கள், கடலைக்காய் பறிக்கப் போகிற மாதர்கள், ஸ்பின்னிங் மில்லில் வேலை பார்த்து ஓய்ந்தவர்கள். படம் முடிந்தபின் நடந்த வாக்குவாதத்தைப் பத்திரிகைகளின் சினிமா விமர்சனத்தை விடப் பெரிதாக மதிக்கிறோம்.

தறிக்காரர் ஒருவர் முதலில் குறை சொன்னார். “ஏனுங்க தோழரே, ஆள் நடக்கறதையும் காலையும் இவ்வளவு நேரம் காட்டோணுமா? சேரன் தலையத் தொங்கப் போட்டுட்டே இருக்கறாரு. பன்னெண்டு மணி நேரம் தறி ஓட்டிட்டு வந்தவன் இதப் பார்த்தாத் தூங்கீருவானுங்க.” நியாயமான குறை. உழைத்து அலுத்தவனின் கண்ணுக்குப் படம் மெதுவாகத்தான் போகிறது. இருட்டு வேறு. எங்கள் டி.வி.யில் பாதிக் காட்சிகளில் யார் வருகிறார்கள் என்பதே தெரியவில்லை.

நடுவில் ஒரு ஆட்டப் பாட்டு வருகிறது. பெண்களை மானபங்கம் செய்கிறவர்களைப் பற்றிய படத்தில் அரைகுறை உடையில் ஒருத்தியை ஆட விடுவது என்ன நியாயம் என்று மாதர்கள் கேட்டார்கள். வசூலுக்காகச் சேர்த்தது என்பதைத் தவிர வேறு பதில் நமக்குத் தெரியவில்லை. வேலூர் ஆனாலும் நியூயார்க் ஆனாலும் படத்துக்குப் பணம் போடுகிறவன் இந்த விஷயத்தில் ஒரே மாதிரிதான் யோசிக்கிறான்.

பெட்டியில் கை கிடப்பதைக் காட்டியபோது எல்லாரும் கூச்சல் போட்டார்கள். மில்லில் கார்டிங் மிஷினில் இரண்டு விரலைப் பறிகொடுத்த ஒரு பெரியவர் மட்டும் பேசாமல் இருந்தார். பிறகு மெதுவாகச் சொன்னார்: “எம்பட வெரலு போனப்ப எந்த அதிகாரியும் தேடிக்கிட்டு வரலீங்க.” சிலர் சிரித்தார்கள். பெரியவர் சிரிக்கவில்லை.

ஆனால் அன்று எல்லாருடைய மனத்திலும் பதிந்தது ஸ்டேஷன்தான். கடலைக்காய் பறிக்கப் போகிற ஒரு அம்மாள் சொன்னதை அப்படியே தருகிறோம். “எங்கக்கா புள்ள மில்லு ஹாஸ்டல்ல இருந்தா. ஒரு நாள் காணோம்னு போன் வந்துச்சு. ஸ்டேஷனுக்குப் போனா, ஓடிப் போயிருப்பா, எவங்கூடப் போனான்னு ஊருக்குள்ள போய் விசாரின்னு சொல்லீட்டாங்க. மனுவக் கையில கூட வாங்கல. நாலு நாள் களிச்சு அவளே வந்துட்டா, சாமி புண்ணியம். வராமப் போயிருந்தா நாங்க எங்கீங்க போய் நிக்கறது?” எந்த மில், எந்த ஸ்டேஷன் என்று இங்கே எழுதப் போவதில்லை. இந்தக் கதை ஒரு மில்லின் கதையோ ஒரு ஸ்டேஷனின் கதையோ அல்ல.

‘ஓடிப் போயிருப்பாள்.’ காணாமல் போன ஏழைப் பெண்ணைப் பற்றி அதிகாரம் சொல்லும் முதல் வார்த்தை இதுதான். தேட வேண்டிய வேலை அதோடு முடிந்தது. பழியும் பெற்றவர் தலையில் விழுந்தது. ‘யுத்தம் செய்’ படம் கை வைத்திருப்பது இந்த வார்த்தையின் மேல்தான். அதனாலேயே அது உயர்ந்த படம் என்கிறோம்.

மற்றப் படங்களைப் பாருங்கள். பாரதிராஜாவின் ‘சிகப்பு ரோஜாக்கள்’ 1978ல் வந்தது. கொலைகாரன் பெரிய முதலாளி. அவன் வலையில் விழுகிற கதாநாயகி துணிக்கடையில் வேலை செய்கிற பெண். தோட்டத்தில் பெண்களைப் புதைத்து மேலே ரோஜாச் செடி வைக்கிறான். இத்தனை பெண்கள் காணாமல் போகிறார்களே, அவர்களுக்கு வீடு வாசல் இல்லையா, தேடுகிறவர் யாரும் இல்லையா? படத்துக்கு அந்தக் கவலை குறைவு. சிறு வயதில் அவனுக்குப் பெண்கள் மீது வெறுப்பு எப்படி ஏறியது என்பதுதான் பெரிய விஷயம். 1980ல் பாலு மகேந்திராவின் ‘மூடுபனி’. அழகான படம், இளையராஜாவுக்கு நூறாவது படம். அதிலும் கொலைகாரனின் பிள்ளைப் பருவ வேதனைதான் விளக்கம். ‘ராட்சசனி’ல் பள்ளிக்கூடத்துச் சிறுமிகள் சாகிறார்கள், காரணம் கேட்டால் நோயால் உருவம் கெட்டு, கேலிக்கு ஆளான ஒருவனைக் காட்டுகிறார்கள். இவை எல்லாம் சொல்வது ஒன்றே: ஒரு மனிதன் மனம் கெட்டுப் போனான், அவன் ஒழிந்தால் ஊர் சுகப்படும். வேடிக்கை என்னவென்றால் இதே மிஷ்கின் 2020ல் ‘சைக்கோ’ எடுத்து, தலை இழந்த பெண்களை எல்லாம் மறந்து விட்டு, கொன்றவனுக்காகக் கண்ணீர் விட்டார். ‘யுத்தம் செய்’ பார்த்த கண்ணால் அதைப் பார்க்கச் சகிக்கவில்லை.

நிஜத்தில் நடந்தது என்ன? 1960களில் பம்பாயில் ராமன் ராகவ் கொன்று போட்டது நடைபாதையிலும் குடிசையிலும் படுத்துறங்கிய ஏழைகளை. தில்லிக்குப் பக்கத்தில் நொய்டாவில் நிட்டாரி என்று ஒரு கிராமம். பிழைப்புத் தேடி வெளியூரிலிருந்து வந்த கூலி ஜனங்களின் குழந்தைகள் அங்கே ஒவ்வொன்றாகக் காணாமல் போயின. பெற்றோர் போலீசாரிடம் நடையாய் நடந்தார்கள். அங்கேயும் அதே பதில், எங்காவது ஓடிப் போயிருக்கும். 2006 டிசம்பரில் ஒரு பணக்காரப் பங்களாவின் பின்புறச் சாக்கடையிலிருந்து எலும்புகளை அள்ளினார்கள். அதன்பின் ஊரே அதிர்ந்தது, சி.பி.ஐ. வந்தது, தூக்குத் தண்டனைகள் விழுந்தன. 2023 அக்டோபரில் அலகாபாத் உயர் நீதிமன்றம் விசாரணை நடந்த லட்சணத்தைக் கடுமையாகக் கண்டித்துத் தண்டனைகளை ரத்து செய்தது. 2025ல் உச்ச நீதிமன்றம் அந்த விடுதலையை உறுதி செய்து, மிஞ்சியிருந்த கடைசி வழக்கிலும் விடுதலை கொடுத்தது. ஆக, அந்தக் குழந்தைகளைக் கொன்றவர் யார் என்று சட்டத்தின் கணக்கில் இன்று ஒருவரும் இல்லை. முதல் குழந்தை காணாமல் போன அன்றே தகப்பனின் புகாரை வாங்கி ஒழுங்காகத் தேடியிருந்தால்? திருப்பூர் வட்டாரத்தில் இன்று ஒரிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வந்த குடும்பங்கள் லைன் வீடுகளில் நிறைந்திருக்கின்றன. பாஷையும் தெரியாத அந்தத் தகப்பன் எந்த வாசலில் போய் என்னவென்று சொல்லுவான்?

அவ்வளவு தூரமும் போக வேண்டாம், நம் பக்கத்துப் பொள்ளாச்சி இருக்கிறது. 2019 பிப்ரவரியில் ஒரு கல்லூரி மாணவி துணிந்து புகார் கொடுத்தாள். பெண்களை ஏமாற்றி அழைத்துச் சென்று, கெடுத்து, படம் பிடித்து மிரட்டிய கும்பல் வெளிச்சத்துக்கு வந்தது. புகார் கொடுத்தவளின் அண்ணனை அடித்தார்கள். ரகசியமாகக் காக்க வேண்டிய அவள் பெயரை உயர் போலீஸ் அதிகாரியே பத்திரிகைக்காரர்களிடம் சொன்னார். சர்க்கார் உத்தரவிலும் அந்தப் பெயர் அச்சாயிற்று. இதற்கு எட்டு வருஷம் முன்பே எடுத்த சினிமாவில் இந்தக் கும்பலையும் இந்தப் போக்கையும் பார்த்தபோது, இப்படியெல்லாம் எங்கே நடக்கும் என்று சொன்னவர்கள் உண்டு.

இனி நமக்கும் படத்துக்கும் உள்ள தகராறு. கை வெட்டுகிற இடங்களில் இளவட்டங்கள் விசிலடித்தார்கள். கட்டிங்கில் இருக்கிற ஒரு தம்பி, “அப்படித்தாங்க வெட்டோணும், கோர்ட்டுக்குப் போனா இந்தச் சென்மத்துல தீராது” என்றான். அவன் கோபம் நமக்கும் உண்டு. ஆனால் அந்தக் குடும்பத்தைக் கவனியுங்கள். அவர்கள் ஊருக்குத் தங்களைச் செத்தவர்களாகக் காட்டிக் கொண்ட பிறகுதான் கத்தியை எடுக்கிறார்கள். அக்கம்பக்கம் இல்லை, சங்கம் இல்லை, கூட வர ஒரு நாதி இல்லை. நாலு பேர் கூட வந்து ஸ்டேஷன் வாசலில் உட்கார்ந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று படம் யோசிக்கவே இல்லை. கதையில் வருகிறது நடுத்தரக் குடும்பம். கூலிக்காரன் வீட்டுப் பெண்ணுக்கு இந்தப் படத்திலும் இடம் கிடையாது. இரண்டும் பெரிய குறைகள்.

அந்தத் தம்பிக்கு நாம் வாச்சாத்தியைச் சொன்னோம். தர்மபுரி ஜில்லாவில் சித்தேரி மலையடிவாரத்து ஊர். 1992 ஜூன் 20ந் தேதி சந்தனக் கட்டை தேடுகிறோம் என்று வனத்துறையும் போலீசும் ரெவின்யூவும் சேர்ந்து உள்ளே புகுந்து, வீடுகளை நொறுக்கி, 18 மலைவாழ் பெண்களைப் பலாத்காரம் செய்தார்கள். புகார் வாங்க ஆள் இல்லை, குற்றவாளிகளே சர்க்கார். அந்தப் பெண்கள் செத்தவர்களாக வேஷம் போடவில்லை. மலைவாழ் மக்கள் சங்கமும் செங்கொடியும் கூட நிற்க, தங்கள் முகத்தோடு கோர்ட்டுக்கு வந்து இன்னார் இன்னார் என்று கை நீட்டிக் காட்டினார்கள். 2011 செப்டம்பர் 29ந் தேதி, அதாவது இந்தப் படம் வந்த அதே வருஷம், குற்றம் சாட்டப்பட்ட 269 பேரும் குற்றவாளிகளே என்று தர்மபுரி கோர்ட் தீர்ப்புச் சொன்னது. 54 பேர் அதற்குள் செத்துப் போயிருந்தார்கள்; மிச்சம் 215 பேருக்குத் தண்டனை. 2023ல் சென்னை உயர் நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. பொள்ளாச்சியிலும் சாட்சிகளில் ஒருவரும் பிறழவில்லை. 2025 மே 13ந் தேதி கோவை மகளிர் நீதிமன்றம் ஒன்பது பேருக்குச் சாகும் வரை சிறை விதித்தது.

“பத்தொம்பது வருசமாகுமுங்களா?” என்றான் தம்பி. ஆயிற்று. அதைச் சின்ன விஷயம் என்று சொல்ல நமக்கு வாய் வரவில்லை. தாமதம் ஆனதற்கு யார் யார் காரணம் என்பதும் அந்தத் தீர்ப்பின் கதையில் சேர்ந்ததுதான். ஆனால் 215 அதிகாரிகள் தண்டிக்கப்பட்டார்கள். கத்தியை வைத்துக் கொண்டு எத்தனை கையை வெட்டியிருக்க முடியும்?

படம் வந்த பிறகு சட்டத்திலும் சில விஷயங்கள் மாறியிருக்கின்றன. கைது செய்யத்தக்க குற்றம் என்று புகாரில் தெரிந்தால் எப்.ஐ.ஆர். போட்டே தீர வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2013 நவம்பரில் தீர்ப்பளித்தது. குழந்தை காணாமல் போனால் கடத்தல் என்றே கருதி வழக்குப் பதிய வேண்டும் என்பதும் அதே வருஷத்து உத்தரவு. 2024 ஜூலை முதல் அமலில் உள்ள புதிய நடைமுறைச் சட்டத்தின் 173ஆவது பிரிவுப்படி, ‘இது எங்கள் எல்லை இல்லை’ என்று எந்த ஸ்டேஷனும் தட்டிக் கழிக்க முடியாது, எப்.ஐ.ஆர். நகலை இலவசமாகத் தர வேண்டும். மறுத்தால் மாவட்ட எஸ்.பி.க்குத் தபாலில் மனு அனுப்பலாம். பலாத்காரப் புகாரைப் பதிய மறுக்கிற அதிகாரிக்குச் சிறைத் தண்டனையே உண்டு. இதையெல்லாம் அன்றிரவு சொன்னபோது, கடலைக்காய் பறிக்கிற அந்த அம்மாள், “இத அன்னைக்கே யாராச்சும் சொல்லியிருக்கக் கூடாதுங்களா?” என்று கேட்டார்.

பக்கத்து ஊரிலும் இந்தப் படத்தைப் போட்டுக் காட்டும்படி கேட்டிருக்கிறார்கள். ஆட்டப் பாட்டு வரும்போது டி.வி.யை நிறுத்தி விட்டு, அந்த ஐந்து நிமிஷத்தில் மனு எழுதுவது எப்படி என்று சொல்லிக் கொடுக்கலாம் என்பது மாதர்களின் யோசனை. பிளஸ் டூ படித்து விட்டு செக்கிங்கில் வேலை பார்க்கிற ஒரு பெண் அந்தப் பொறுப்பை ஏற்றுக் கொண்டிருக்கிறார்.