முழு டிக்கெட், அரை நாள்!

'காலை வண்டலூர், மதியம் தீம் பார்க், மாலை மெரினா பீச், இரவு பஸ்ஸிலேயே ஊர் திரும்புதல்.'

தென் மாவட்டப் பள்ளிக்கூடங்களின் நோட்டீஸ் போர்டில் ஒட்டப்படும் சுற்றுலா அறிவிப்பு பல வருஷங்களாக ஏறத்தாழ இப்படித்தான் இருக்கிறது. பூங்காவின் பெயர்தான் மாறும். 1995-ல் தாம்பரம் பக்கம் கிஷ்கிந்தா வந்தபோது அது கிஷ்கிந்தா. கிழக்குக் கடற்கரைச் சாலை என்றால் வி.ஜி.பி., இல்லாவிட்டால் எம்.ஜி.எம். கேரளா பக்கம் போகிறவர்களுக்கு 2000-ல் கொச்சியில் வந்த வீகாலேண்ட்; பிற்பாடு வொண்டர்லா ஆனது அதுதான். 2025 டிசம்பரில் அந்த வொண்டர்லாவே சென்னைக்குப் பக்கத்தில் திருப்போரூர் வட்டாரத்துக்கு வந்துவிட்டது. இனி அறிவிப்பில் அந்தப் பெயரும் வரும். 'மதியம்' என்ற வார்த்தை மட்டும் அப்படியே இருக்கும்.

என் சண்டை அந்த 'மதியம்' பற்றித்தான்.

பகல் ஒரு மணிக்கு வாசலில் வந்து நிற்கிற குழந்தைக்கும், காலையில் கேட் திறந்ததும் உள்ளே ஓடிய குழந்தைக்கும் ஒரே விலை டிக்கெட். ஒருத்திக்கு ஏழு மணி நேரம். இன்னொருத்திக்கு நாலு, நாலரை. ஹோட்டலில் அரை பிளேட் பிரியாணி கேட்டால் கொடுக்கிறார்கள். தூரத்துக்குத் தகுந்த மாதிரிதான் பஸ்ஸிலே டிக்கெட் கிழிக்கிறார்கள். நேரத்தையே விற்கிற வியாபாரத்தில் மட்டும் பாதி நேரத்துக்குப் பாதி விலை கிடையாதாம்!

"சீக்கிரம் வரவேண்டியதுதானே?" என்று கேட்பார்கள். யாரால் முடியும்? விருதுநகரிலிருந்து ராத்திரி பூராவும் பஸ்ஸில் வந்து, ஏதோ ஒரு கல்யாண மண்டபத்தில் பல் தேய்த்து, மிருகக்காட்சி சாலையில் புலியைத் தேடி அலைந்துவிட்டு வருகிற பள்ளிப் பிள்ளைகளால் முடியுமா? ஊட்டிக்குப் போகிற வழியில் மேட்டுப்பாளையத்தில் பிளாக் தண்டரைப் பார்த்ததும் 'அப்பா, அப்பா' என்று பிள்ளைகள் கெஞ்ச, வண்டியை ஓரம் கட்டுகிற குடும்பத்தால் முடியுமா? காலையில் முகூர்த்தம், பந்தி எல்லாம் முடித்துவிட்டு, 'இவ்வளவு தூரம் வந்தாச்சு, பிள்ளைங்களுக்கு அதையும் காட்டிடலாம்' என்று கிளம்புகிற வெளியூர் சொந்தக்காரர்களால் முடியுமா? பக்கத்தில் வீடும் சொந்தமாகக் காரும் இருக்கிறவர்களுக்குத்தான் முழு நாள் வாய்க்கும். தூரத்திலிருந்து வருகிறவனுக்கு எப்போதும் அரை நாள்தான். ஆக, யாருக்கு வழிச்செலவு அதிகமோ அவனுக்கே உள்ளேயும் ஒரு மணி நேரத்துக்கான செலவு அதிகம்.

அந்த அரை நாளும் முழுசாகக் கைக்கு வருகிறதா?

வாசலில் பை சோதனை. விடிகாலையில் எழுந்து அம்மா கட்டிய புளிசாதமும் முறுக்கும் வெளியே நின்றுவிடும். உள்ளே விற்கிற சாப்பாட்டுக்குக் கூப்பன் வாங்க ஒரு வரிசை. லாக்கர் சாவிக்கு ஒரு வரிசை. தண்ணீரில் இறங்கப் பருத்தித் துணி கூடாது, நைலான் உடைதான் வேண்டும் என்பார்கள். நல்ல விதிதான், தண்ணீர் சுத்தமாக இருக்க வேண்டுமே. ஆனால், முதல் தடவையாக வருகிற சித்திக்கு அது எப்படித் தெரியும்? சேலையோடு வந்து நிற்கிறவளை உள்ளே இருக்கிற கடைக்கு அனுப்புவார்கள். அங்கேயும் வரிசை. இதெல்லாம் முடிந்து முதல் ராட்டினத்தின் பக்கம் போகும்போது மணி ரெண்டரை.

அங்கேதான் பெரிய கொள்ளை. ஒரு சின்னக் கணக்குப் போட்டுப் பாருங்கள்.

ஒரு ராட்டினத்தில் 24 இருக்கை. ஆளை ஏற்றி, பெல்ட் மாட்டி, சுற்றி, இறக்கிவிட 5 நிமிடம் என்று வைத்துக்கொள்வோம். மணிக்கு 12 சுற்று, 288 பேர். உங்களுக்கு முன்னால் 400 பேர் நின்றால் சுமார் 1 மணி 23 நிமிடத்தில் உங்கள் முறை வந்துவிடும். இப்போது பக்கவாட்டில் இன்னொரு கேட் திறக்கிறது. அதிகக் காசு கொடுத்து 'ஃபாஸ்ட் டிராக்' வாங்கியவர்கள் அதன் வழியாக வருகிறார்கள். சுற்றுக்கு 8 இருக்கை அவர்களுக்குப் போகிறது என்றால், உங்கள் வரிசைக்கு மிச்சம் 16. மணிக்கு 192 பேர்தான். அதே 400 பேர் நகர 2 மணி 5 நிமிடம் ஆகும்.

42 நிமிடம் போச்சு. எங்கே போச்சு? பூங்கா புதுசாக ஒரு இருக்கைகூடச் செய்யவில்லை. ராட்டினம் வேகமாகவும் சுற்றவில்லை. உங்களிடமிருந்து 42 நிமிடத்தை எடுத்துப் பக்கத்துக் கேட்டில் விற்றிருக்கிறார்கள். முழு நாள் ஆசாமிக்கு அது எரிச்சல். அரை நாள் ஆசாமிக்கோ அது மொத்த நேரத்தில் ஆறில் ஒரு பங்கு!

கோயிலில் சிறப்பு தரிசன டிக்கெட் வாங்கியவர் நமக்கு முன்னால் சாமியைப் பார்ப்பது நமக்குப் பழகிவிட்டது. அதனால் இதுவும் உறைக்கவில்லை. அமெரிக்க டிஸ்னி பூங்காக்கள் 1999-ல் இதே மாதிரி 'ஃபாஸ்ட்பாஸ்' கொண்டுவந்தபோது அது இலவசம். யார் வேண்டுமானாலும் நேரச் சீட்டு எடுத்துக்கொண்டு, குறித்த நேரத்தில் வந்து ஏறலாம். 2021-ல் அந்த இலவசத்தைத் தூக்கிவிட்டுக் காசுக்கு விற்க ஆரம்பித்தார்கள். நம் ஊருக்கு அந்த இலவசக் காலம் வந்ததாகத் தெரியவில்லை. காசுக் காலம் மட்டும் ஒழுங்காக வந்து சேர்ந்துவிட்டது.

'முழு நாள் டிக்கெட்' ஒன்றும் வேத வாக்கு இல்லை. 1955 ஜூலையில் கலிஃபோர்னியாவில் டிஸ்னிலேண்ட் திறந்தபோது உள்ளே நுழைய பெரியவர்களுக்கு 1 டாலர். ஒவ்வொரு விளையாட்டுக்கும் தனி டிக்கெட். கொஞ்ச நாளில் ஏ, பி, சி என்று தரம் பிரித்துக் கூப்பன் புத்தகம் அடித்தார்கள். 1959-ல் 'ஈ' வரை போனது. ரெண்டு மணி நேரம் இருப்பவன் ரெண்டு மணி நேரத்துக்கு உண்டானதைக் கொடுத்தால் போதும். 1982-ல்தான் கூப்பனை ஒழித்துவிட்டு, எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரே டிக்கெட் என்று ஆக்கினார்கள். டென்மார்க்கில், கோபன்ஹேகனில் 1843-ல் திறந்த டிவோலி இன்னமும் நுழைவுக்குத் தனி, ராட்டினத்துக்குத் தனி என்று வசூலிக்கிறது. பேரனோடு வந்த தாத்தா நுழைவுச் சீட்டு மட்டும் வாங்கிக்கொண்டு பெஞ்சில் உட்காரலாம்.

அவ்வளவு தூரம் ஏன்? நம் தீவுத்திடல் பொருட்காட்சி இருக்கிறதே! வாசலில் சின்னக் கட்டணம். உள்ளே போய் ஜயன்ட் வீல் ஏறினால் அதற்குக் காசு, ஏறாவிட்டால் இல்லை. பாட்டி டெல்லி அப்பளத்தைக் கடித்துக்கொண்டே வேடிக்கை பார்ப்பாள், பாட்டிக்கு யாரும் ரோலர் கோஸ்டர் டிக்கெட் கிழிப்பதில்லை. ஆனால் தீம் பார்க்கில்? ரத்தக் கொதிப்பு உள்ளவர் இதில் ஏறாதீர்கள், கர்ப்பிணிகள் அதில் ஏறாதீர்கள், இந்த உயரத்துக்குக் கீழே உள்ள குழந்தைகள் எதிலும் ஏறாதீர்கள் என்று போர்டு வைக்கிறார்கள். வைக்க வேண்டியதுதான், பாதுகாப்பு முக்கியம். ஆனால் 'ஏறாதே' என்று நீங்களே சொல்கிற ஆளிடம், ஏறுவதற்கான காசை எந்த நியாயத்தில் வாங்குகிறீர்கள்?

பூங்காக்காரர்கள் பதில் தயாராக வைத்திருப்பார்கள். "நீங்கள் எப்போது வந்தாலும் எங்களுக்குக் கரன்ட் செலவும் சம்பளச் செலவும் ஒன்றுதான் சார்."

வாஸ்தவம். சினிமா தியேட்டருக்கும் அப்படித்தான். ஆனாலும் எந்தத் தியேட்டரும் இன்டர்வெலுக்கு அப்புறம் வருகிறவனை எதிர்பார்த்து ஷோ ஓட்டுவதில்லை. நீங்கள் ஓட்டுகிறீர்கள். மதியம் வரும் டூர் பஸ்ஸை வரவேற்கிறீர்கள், தலையை எண்ணிக் காசு வாங்குகிறீர்கள். அப்புறம் என்ன 'முழு நாள்' பேச்சு?

டோக்கியோ டிஸ்னிலேண்டில் வார நாளில் சாயங்காலம் 5 மணிக்கு மேல் உள்ளே போக ஒரு குறைந்த விலை டிக்கெட் உண்டு. சனி, ஞாயிறு, விடுமுறை நாட்களில் 3 மணிக்கு மேல் போக இன்னொன்று. அவர்களுக்கும் கரன்ட் பில் வருகிறது. அங்கே ராத்திரி 9 மணி வரை திறந்திருக்கும் என்பது நிஜம்தான். இங்கே வார நாட்களில் பெரும்பாலும் ஆறு மணி வாக்கில் கடையைக் கட்டிவிடுகிறார்கள். அதுவும் எனக்குப் புரியாத விஷயம். மே மாத வெயிலில், தார் உருகுகிற நேரத்தில், வெறுங்காலோடு பிள்ளைகளைச் சிமென்ட் தரையில் ஓடவிட்டு, காற்று வருகிற நேரத்தில் விசில் ஊதி வெளியே அனுப்புகிற ஏற்பாட்டை யார் கண்டுபிடித்தது? நம் ஊரில் திருவிழாவும் பொருட்காட்சியும் சாயங்காலம்தான் களைகட்டும். தாத்தா காலத்திலேயே தெரிந்த சங்கதி இது!

*

சரி, பூங்காக்கள் திருந்துகிற வரைக்கும் அரை நாள்காரர்கள் என்ன செய்வது?

முதலில், 'கொடுத்த காசை வசூல் பண்ணிடணும்' என்ற வெறியை வாசலிலேயே விட்டுவிடுங்கள். அந்த வெறிதான் பிள்ளைகளை இழுத்துக்கொண்டு ஓட வைக்கிறது. "இன்னும் எட்டு பாக்கி இருக்கு, வா, வா" என்று குழந்தையின் கையை முறுக்குகிற அப்பாக்களை எந்தப் பூங்காவிலும் பார்க்கலாம். குழந்தைக்கு அதே சறுக்கு மரத்தில் ஆறாவது தடவையும் வழுக்கி விழணும். அதுதான் அதற்கு உலகத்திலேயே பெரிய விளையாட்டு. அப்பாவுக்கோ பட்டியல் முடியணும். சாயங்காலம் ரெண்டு பேர் முகத்தையும் பாருங்கள், ரெண்டிலும் சிரிப்பு இருக்காது. இதற்கா இவ்வளவு செலவு?

பஸ்ஸிலேயே சாப்பிட்டுவிட்டு இறங்குங்கள். அம்மாவின் புளிசாதமும் வீணாகாது, மற்றவர்கள் சாப்பிடப் போகிற ஒன்றிலிருந்து இரண்டு மணிக்குள் தண்ணீர் இல்லாத ராட்டினங்களில் கூட்டமும் குறையும். பிள்ளைகளின் உயரத்தை வீட்டிலேயே அளந்து வையுங்கள். ஒரு மணி நேரம் நின்ற பிறகு 'நீ குள்ளம், போ' என்று திருப்பி அனுப்பப்படும் குழந்தையின் அழுகைக்கு எந்த ஐஸ்க்ரீமும் ஈடாகாது. நைலான் உடையை ஊரிலேயே வாங்கிக்கொள்ளுங்கள். ஆளுக்கு ஒரு ஆசை என்று மூன்றோ நாலோ ராட்டினம் தேர்ந்தெடுங்கள், போதும். தண்ணீரைக் கடைசிக்கு வையுங்கள். ஆனால் மூடுவதற்கு முக்கால் மணி முன்பே கரையேறிவிடுங்கள். இல்லாவிட்டால் உடை மாற்றும் அறை வாசலில் நடுங்கிக்கொண்டு நிற்பதுதான் உங்கள் கடைசி விளையாட்டாக இருக்கும்.

வரிசை இல்லாத இடத்திலும் கொஞ்சம் நில்லுங்கள். வி.ஜி.பி.யில் அசையாமல் நின்ற சிலை மனிதரை நினைவிருக்கிறதா? அவரைச் சிரிக்க வைக்க எத்தனை ஊர்ப் பிள்ளைகள் ஆடியிருக்கும், அழகு காட்டியிருக்கும்! அதற்கு உயரக் கட்டுப்பாடு இல்லை, உடைக் கட்டுப்பாடு இல்லை, ஃபாஸ்ட் டிராக் இல்லை. பாட்டியும் பேத்தியும் ஒரே நேரத்தில் சிரித்த இடம் அது. கோடி கோடியாகக் கொட்டி வாங்கிய இயந்திரங்கள் பலவற்றால் முடியாத காரியம்.

தலைமை ஆசிரியர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். அந்த அறிவிப்பிலிருந்து ஒரு இடத்தை வெட்டுங்கள். ஒரே நாளில் புலி, ராட்டினம், கடல் மூன்றையும் காட்டுகிறோம் என்று கிளம்பினால், பிள்ளைகள் அதிகம் பார்ப்பது பஸ் சீட்டின் முதுகைத்தான். ஆசிரியர்கள் அதிகம் செய்வது தலை எண்ணுவதைத்தான். ஒரு வருஷம் மிருகக்காட்சி சாலை, அடுத்த வருஷம் தீம் பார்க் என்று வைத்தால் குடியா முழுகிவிடும்? பெற்றோர் சங்கம் சண்டைக்கு வரும் என்றால் இந்தக் கட்டுரையைக் காட்டுங்கள், திட்டு எனக்கு வரட்டும்.

பூங்கா முதலாளிகளுக்குக் கோரிக்கை மூன்றே மூன்று. மதியம் ஒரு மணிக்கு மேல் வருகிறவருக்கு அரை நாள் கட்டணம். எதிலும் ஏறாத பெரியவருக்கு வெறும் நுழைவுக் கட்டணம். கோடை விடுமுறையில் ராத்திரி ஒன்பது மணி வரை விளக்கு. இதற்குப் புது ராட்டினம் எதுவும் இறக்குமதி பண்ண வேண்டாம். ஒரு புது டிக்கெட் அடித்தால் போதும்.

அதுவரை, கவுன்ட்டரில் நிற்கிற ஒவ்வொருவரும் கேட்டுப் பாருங்கள், "அரை நாளைக்கு எவ்வளவு?" என்று. பத்துப் பேர் கேட்டால் சிரிப்பார்கள். ஆயிரம் பேர் கேட்டால் அச்சடிப்பார்கள்.